பச்சை இலைக்கு எதற்கு மருந்து?

பயிருக்கு நோய் வந்தால் மருந்தடிக்க வேண்டும், வராவிட்டால் வேண்டாம். இதைவிட எளிய கணக்கு இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் மே மாத நடுவில் இங்கிலாந்தின் கோதுமை வயல் ஒன்றைப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கும். உச்சியில் அப்போதுதான் விரிந்த இலைகள் பளபளவென்று பச்சையாக இருக்கும். தேடிப் பார்த்தாலும் அவற்றில் ஒரு புள்ளி அகப்படாது. அந்தப் பருவத்தின் மிக விலையுயர்ந்த பூஞ்சாணக்கொல்லியை விவசாயி தெளிப்பது அந்த நாட்களில்தான். புள்ளி தெரியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவரின் வயல், மழை மிகுந்த ஆண்டாக இருந்தால், ஜூன் இறுதியில் பழுப்பேறிக் கிடக்கும். அப்போது எந்த மருந்தாலும் அதை மீட்க முடியாது.

இன்னொரு புதிரும் உண்டு. 1990களின் இறுதியில் இதே வயல்களில் அருமையாக வேலை செய்த ஒரு மருந்துக் குடும்பம், சில ஆண்டுகளிலேயே அதே நோயின் முன்னால் கிட்டத்தட்டப் பயனற்றுப் போனது. மருந்தின் தரம் குறையவில்லை. தெளித்த முறையிலும் பிழையில்லை.

இந்த இரண்டு புதிர்களையும் அவிழ்த்துப் பார்த்தால், பூஞ்சாணக்கொல்லியைத் தேர்ந்தெடுப்பது என்பது கடையில் இருப்பதில் வலுவானதைக் கேட்டு வாங்கும் வேலை அல்ல என்பது விளங்கும். நாம் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறோம். அடுத்த ஆண்டு வயலில் எந்தப் பூஞ்சாணம் வாழும் என்பதை அந்த மருந்து தேர்ந்தெடுக்கிறது.

பத்து மாதப் பயிர்

வட இந்தியாவில் நவம்பர் வாக்கில் விதைத்து மார்ச், ஏப்ரலில் அறுக்கும் கோதுமை ஏறக்குறைய ஐந்து மாதப் பயிர். பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளில் பெரும்பாலும் விளைவது குளிர்காலக் கோதுமை. செப்டம்பர், அக்டோபரில் விதைப்பார்கள். முளைத்துத் தூர்கட்டி, பனிக்காலம் முழுவதும் அது குட்டையாக நிலத்தை ஒட்டிக் கிடக்கும். பல வாரங்கள் குளிரில் இருந்தால்தான் அதற்குப் பூக்கும் பக்குவமே வரும். பாடநூல்கள் இதைத் தட்பப்பதனம் என்று சொல்கின்றன. வசந்தத்தில் தண்டு நீண்டு, ஜூனில் பூத்து, ஆகஸ்டில் அறுவடைக்கு வரும். பிரிட்டனின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் 8 டன். இந்தியச் சராசரி அதில் பாதிக்கும் குறைவு.

நீண்ட காலம் வயலில் நிற்பதுதான் இந்தப் பயிரின் பலம், பலவீனமும் அதுவே. பத்து மாத ஈரமும் மிதமான குளிரும் பூஞ்சாணங்களுக்கு மிகவும் ஏற்றவை. மஞ்சள் துரு, பழுப்புத் துரு, சாம்பல் நோய், கதிரைத் தாக்கும் பியூசேரியம் என்று வரிசையாக வரும். இவை எல்லாவற்றிலும் மேற்கு ஐரோப்பிய விவசாயி அதிகம் அஞ்சுவது செப்டோரியா இலைக்கருகலுக்கு. கட்டுப்படுத்தாமல் விட்டால், மோசமான ஆண்டில் எளிதில் நோய் தாக்கும் ரகத்தின் விளைச்சலில் பாதிவரை போய்விடும்.

இலைக்குள் ஒளிந்திருக்கும் வாரங்கள்

இந்த நோயை உண்டாக்குவது சைமோசெப்டோரியா டிரிடிசி என்ற பூஞ்சாணம். சென்ற ஆண்டு அறுவடைக்குப் பின் மிஞ்சிய தாளில் உருவாகும் வித்துகள் இலையுதிர் காலத்தில் காற்றோடு பறந்து வந்து புதிய நாற்றுகளில் இறங்குகின்றன. வித்து முளைத்து, இலை மூச்சுவிடும் நுண்துளை வழியாக உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் அது எதையும் கொல்வதில்லை. செல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் மெல்லிய இழைகளாக வளர்கிறது. இலைக்கு எதிரி வந்திருப்பதே தெரியாது. நாட்கள் பல கழிந்த பிறகு அதன் போக்கு மாறுகிறது. இலையின் செல்கள் மடிந்து சரிகின்றன. அவற்றிலிருந்து கசியும் சத்தை உண்டு பூஞ்சாணம் வேகமாகப் பெருகுகிறது. அப்போதுதான் பழுப்புத் திட்டும், திட்டுக்குள் சின்னஞ்சிறு கரும்புள்ளிகளும் நம் கண்ணில் படுகின்றன. ஒவ்வொரு கரும்புள்ளியும் ஒரு வித்துக்கூடு. மழைத்துளி விழுந்ததும் வித்துகள் அதிலிருந்து வழிந்து, தெறிக்கும் நீரோடு மேல் இலைக்கு ஏறுகின்றன.

தொற்று நுழைந்த நாளுக்கும் அறிகுறி தெரியும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை மறைகாலம் எனலாம். வெப்பநிலையைப் பொறுத்து அது இரண்டு முதல் நான்கு வாரம் வரை நீளும். குளிர் கூடினால் இன்னும் இழுக்கும். ஆக, மே மாதத்துப் பச்சை இலை நோயற்ற இலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளே பூஞ்சாணம் வளர்ந்துகொண்டிருக்கலாம். பூஞ்சாணக்கொல்லிகளில் சில, நுழைந்த பூஞ்சாணத்தையும் ஓரளவு தடுக்கும். ஆனால் அது தொற்று நேர்ந்த முதல் சில நாட்களுக்கு மட்டுமே. மறைகாலத்தின் பிற்பகுதியில் தெளித்தால் பயன் மிகக் குறைவு. இறந்த செல்லை எந்த மருந்தும் உயிர்ப்பிக்காது.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் காலத்தை எப்படி அறிந்தார்கள்? வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்திய அறைகளில் செடிகளுக்கு வித்துகளைத் தெளித்து, முதல் கரும்புள்ளி வரும்வரை நாட்களைக் கணக்கிட்டார்கள். பின்னர், ஒளிரும் புரதத்தை உண்டாக்கும் மரபணுவைப் பூஞ்சாணத்தில் சேர்த்து, பச்சை இலைக்குள் அதன் இழைகள் பரவுவதை நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்தார்கள்.

இதைவிட வியப்பான சான்று ஹார்ட்ஃபோர்ட்ஷையரில் உள்ள ராதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் இருக்கிறது. அங்கே பிராட்பால்க் என்ற வயலில் 1843 முதல் ஆண்டுதோறும் கோதுமை விளைவித்து, தாளையும் மணியையும் காயவைத்துச் சேமித்து வருகிறார்கள். அந்தப் பழைய மாதிரிகளிலிருந்து பூஞ்சாணங்களின் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்த ஆய்வாளர்கள் 2005இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கோதுமை இலையைக் கருக்கும் இரண்டு பூஞ்சாணங்களில் எது மேலோங்கியது என்பது, நிலக்கரிப் புகையால் காற்றில் சேர்ந்த கந்தக டை ஆக்சைடின் அளவை ஒட்டியே மாறியிருந்தது. புகை மிகுந்த காலத்தில் செப்டோரியாவின் போட்டிப் பூஞ்சாணம் ஓங்கியிருந்தது. 1970களுக்குப் பிறகு காற்று தூய்மையாகத் தூய்மையாக, இன்றைய செப்டோரியா முன்னுக்கு வந்தது. வயலில் எந்த நோய் வரும் என்பதை ஊரின் புகைபோக்கியும் தீர்மானிக்கும் என்பதை ஒன்றரை நூற்றாண்டுத் தாள்கள் காட்டிக்கொடுத்தன.

எந்த இலையைக் காப்பது?

இலைகள் எல்லாவற்றையும் காப்பது முடியாத காரியம், தேவையும் இல்லை. நெல்லில் கதிருக்குக் கீழே கடைசியாக விரிவதைக் கண்ணாடி இலை என்பார்கள். கோதுமையிலும் அந்த இலைதான் அரசன். மணியில் சேரும் மாவுச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒற்றை இலையின் உழைப்பு. அதற்கு அடுத்த இரண்டு இலைகளும் பச்சைக் கதிரும் மீதியில் பெரும்பகுதியைத் தருகின்றன. அடி இலைகள் கருகினாலும் விளைச்சல் நேரடியாக அதிகம் குறையாது. ஆனால் மேலே தெறிக்கும் வித்துகள் அங்கேதான் விளைகின்றன. இலைகளை மூடி மறைத்தும், வெட்டி நீக்கியும், கதிரியக்கக் கார்பனை ஊட்டி அது எந்த மணிக்குப் போய்ச் சேர்கிறது என்று தொடர்ந்தும் இந்தப் பங்கீட்டைக் கண்டறிந்தார்கள்.

தெளிக்கும் நாள் இந்தப் பங்கீட்டிலிருந்தே பிறக்கிறது. வெளிவராத இலையை மருந்து காக்காது. பல மருந்துகள் இலைக்குள் ஊடுருவி நீரோட்டத்துடன் நுனியை நோக்கி நகரும். ஆனால் நாளை விரியப்போகும் இலைக்கு அவை போய்ச் சேர்வதில்லை. ஆகவே பிரிட்டன் விவசாயிகள் நாள்காட்டியைப் பார்ப்பதைவிட இலையைப் பிரித்து எண்ணுகிறார்கள். மேலிருந்து மூன்றாம் இலை விரிந்து முடிந்ததும், பெரும்பாலும் ஏப்ரல் இறுதி அல்லது மே தொடக்கத்தில், ஒரு தெளிப்பு. கண்ணாடி இலை முழுதாக விரிந்ததும், மே நடுப்பகுதியில் அல்லது இறுதியில், முக்கியமான இரண்டாம் தெளிப்பு. ஜூனில் பூக்கும்போது தேவைப்பட்டால் கதிருக்கு ஒன்று. இந்த மூன்றாவது பியூசேரியத்தைக் குறிவைப்பது. அந்தப் பூஞ்சாணம் விளைச்சலைக் குறைப்பதோடு மணியில் நஞ்சையும் சேர்க்கும். மே மாதத் தெளிப்பு ஒரு வாரம் முந்தினால் கண்ணாடி இலை முழுதாக வெளியே வந்திருக்காது. பிந்தினால் தொற்று உள்ளே போயிருக்கும்.

முதல் புதிர் அவிழ்ந்தது. பச்சை இலைக்கு மருந்தடிப்பது, அதைப் பச்சையாகவே வைத்திருக்க வேறு வழி இல்லாததால்.

காளான் தந்த மருந்து

இரண்டாம் புதிரின் கதை ஒரு காட்டுக் காளானில் தொடங்குகிறது. பைன் மரங்களின் விழுந்த கூம்புகளில் முளைக்கும் ஸ்ட்ரோபிலூரஸ் என்ற சிறு காளான், தன் உணவைப் பங்குபோட வரும் பிற பூஞ்சாணங்களைத் தடுக்க ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. ஜெர்மனியில் டிம் ஆங்கே, வொல்ஃப்காங் ஸ்டெக்லிஷ் ஆகியோரின் குழு 1977இல் அதைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரோபிலூரின் என்று பெயரிட்டது. இயற்கையான வடிவம் வெயிலில் விரைவில் சிதைந்துவிடும். வேதியியலாளர்கள் அதன் அமைப்பைத் திருத்தி வெயிலைத் தாங்கவைத்தார்கள். அசாக்ஸிஸ்ட்ரோபின் உள்ளிட்ட முதல் மருந்துகள் 1996இல் சந்தைக்கு வந்தன.

பூஞ்சாணத்தின் மைட்டோகாண்ட்ரியாவில், உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் சங்கிலியில், சைட்டோகுரோம் பி என்ற புரதத்தின் ஒரு பள்ளத்தில் இந்த மருந்து போய் உட்காரும். ஆற்றல் நின்றுபோய் வித்து முளைக்காமல் மடியும். ஆனால் அந்தப் புரதத்தின் 143ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகச் சற்றே பெரிய அலனின் வந்தால், மருந்து அங்கே உட்கார இடம் போதாது. மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் இது நடந்துவிடும். 1998இல் வட ஜெர்மனியில் கோதுமைச் சாம்பல் நோயில் இந்த மாற்றத்தைக் கண்டார்கள். 2000களின் தொடக்கத்தில் பிரிட்டன், அயர்லாந்து செப்டோரியாவில் அது தோன்றி, சில பருவங்களிலேயே எங்கும் பரவியது.

துருப் பூஞ்சாணங்கள் மட்டும் இந்த வழியில் தப்பவில்லை. அவற்றின் மரபணுவில், மேற்சொன்ன இடத்தை ஒட்டியே, புரதம் உருவாகும் முன் வெட்டி நீக்கப்பட வேண்டிய ஒரு துண்டு இருக்கிறது. அங்கே எழுத்து மாறினால் அந்தத் துண்டைச் சரியாக வெட்ட முடியாது. புரதம் உருவாகாமல் பூஞ்சாணமே செத்துப்போகும். அதனால்தான் செப்டோரியாவுக்குப் பயனற்றுப்போன ஸ்ட்ரோபிலூரின்கள் துரு நோய்க்கு இன்றும் உதவுகின்றன. நோயை அடையாளம் காணாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மற்ற மருந்துக் குடும்பங்களுக்கும் தனித்தனிக் கதை உண்டு. அசோல்கள், பூஞ்சாணத்தின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கின்றன. இவற்றை எதிர்க்கும் திறன் ஒரே பாய்ச்சலில் வரவில்லை. சிறு சிறு மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ஆண்டுக்கு ஆண்டு மருந்தின் வீரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தன. அசோல்களுக்குத் துணையாக வந்த எஸ்டிஎச்ஐ குடும்பம் அதே ஆற்றல் சங்கிலியின் வேறொரு கண்ணியை அடைக்கிறது. அதற்கும் பணியாத செப்டோரியா 2015 முதல் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் தென்படத் தொடங்கியது.

இவை எல்லாம் ஒற்றை இலக்கு மருந்துகள். பூஞ்சாணத்தின் உடலில் ஒரே இடத்தைத் தாக்குபவை. இவற்றுக்கு மாறாகப் பல இடங்களை ஒரே நேரத்தில் தாக்கும் பலமுனை மருந்துகளும் உண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை நம் தோட்டங்களில் நன்கு அறிமுகமானது. பிரான்சில் 1880களில் உருவான அது இந்த வகையைச் சேர்ந்தது. கோதுமையில் இந்த இடத்தை 1960களில் வந்த குளோரோதலோனில் பல பத்தாண்டுகள் வகித்தது. அதற்குப் பணியாத செப்டோரியா வயலில் பிரச்சினையாக உருவெடுக்கவே இல்லை. ஆனால் அதன் சிதைவுப் பொருட்கள் நிலத்தடி நீரில் கலக்கும் அபாயம் உள்ளிட்ட காரணங்களால் ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. பிரிட்டனில் 2020 மே மாதத்தோடு பயன்பாடு முடிந்தது. இன்று ஃபோல்பெட் என்ற பலமுனை மருந்து அந்த இடத்தில் நிற்கிறது.

சல்லடை சொல்லும் பாடம்

மருந்தை மாவு சலிக்கும் சல்லடையாக எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பூஞ்சாணங்கள் அதில் சிக்கிக்கொள்ளும். கோடியில் ஒன்று கண்ணி வழியே நழுவும். மாவில் அது ஒரு பொருட்டல்ல. ஆனால் பூஞ்சாணம் பெருகும் பொருள். நழுவியது பெருகி, அதன் சந்ததி அடுத்த முறை அதே சல்லடைக்கு வரும்போது எல்லாமே நழுவும். மருந்து எதிர்ப்பை உருவாக்குவதில்லை. ஏற்கெனவே தற்செயலாகத் தோன்றியிருந்த எதிர்ப்பைச் சலித்தெடுத்துக் கொடுக்கிறது.

இப்போது வேறு வடிவக் கண்ணி கொண்ட இரண்டாவது சல்லடையை அதன் அடியில் பிடியுங்கள். வட்டக் கண்ணியில் நழுவியது நீளக் கண்ணியில் சிக்கும். இரண்டிலும் நழுவ, இரண்டு மாற்றங்கள் ஒரே வித்தில் சேர வேண்டும். அது மிக அரிது. வெவ்வேறு குடும்ப மருந்துகளைக் கலந்து தெளிப்பதன் தத்துவம் இதுதான். பலமுனை மருந்து என்பது ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய பல சல்லடைகள். இதில் ஒரு நிபந்தனை உண்டு. கலவையில் ஒரு சல்லடை ஏற்கெனவே கிழிந்திருந்தால், காகிதத்தில் இரண்டு மருந்து இருந்தாலும் வயலில் இருப்பது ஒன்றுதான். அதன் சுமை முழுவதும் மற்றதன்மேல் விழும்.

எது கிழிந்திருக்கிறது என்று அறிய, ஆய்வாளர்கள் வயல்களிலிருந்து நோயுற்ற இலைகளைச் சேகரிக்கிறார்கள். பூஞ்சாணத்தைத் தனியே வளர்த்து, படிப்படியாகக் கூடும் மருந்தளவில் எதுவரை தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். மரபணுவைப் படித்து எந்த எழுத்து மாறியது என்றும் காண்கிறார்கள். 1981இல் தொடங்கிய எஃப்ஆர்ஏசி என்ற பன்னாட்டுக் குழு, ஒவ்வொரு மருந்துக்கும் அது தாக்கும் இடத்தை வைத்துக் குடும்ப எண் கொடுத்திருக்கிறது. அசோல்களுக்கு 3, எஸ்டிஎச்ஐக்கு 7, ஸ்ட்ரோபிலூரினுக்கு 11. வணிகப் பெயர் எதுவானாலும் எண் ஒன்றானால் சல்லடையும் ஒன்று.

எவ்வளவு போதும்?

பிரிட்டனின் ஏஎச்டிபி என்ற வேளாண்மை வாரியம் ஆண்டுதோறும் பல ஊர்களில் மருந்துகளைச் சோதிக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, கால் அளவு, அரை அளவு, முழு அளவு என்று தெளித்து நோயையும் விளைச்சலையும் அளக்கிறார்கள். கிடைக்கும் கோடு ஒரு வளைவு. முதல் கால் அளவில் நோய் செங்குத்தாக இறங்கும். அதன்பின் ஒவ்வொரு சொட்டுக்கும் பலன் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில், கூடுதலாக ஊற்றும் மருந்தின் விலையைக் கூடுதலாக விளையும் கோதுமை ஈடுகட்டாது. அந்த இடம் ரகத்தையும் மழையையும் கோதுமை விலையையும் பொறுத்து நகரும். ஒரே மருந்தின் வளைவு ஆண்டுக்கு ஆண்டு சரிவதைப் பார்த்தே அதற்கு எதிர்ப்பு வளர்வதையும் கண்டுகொள்கிறார்கள்.

அளவைக் கூட்டினால் எதிர்ப்பு உருவாகாது என்று பலரும் நம்புகிறார்கள். கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை எதிர்த்திசையைக் காட்டின. மருந்து கூடக்கூட, எதிர்ப்புள்ளவை வேகமாக ஓங்கின. போட்டியாளர்கள் எல்லாரும் மடிந்தபின் இலை முழுவதும் அவற்றுக்கே கிடைப்பதுதான் காரணம். எனவே தேவைக்குக் குறையாத, தேவைக்கு மிகாத அளவே சரியான அளவு. பிரிட்டனில் ஒரு பயிருக்கு எஸ்டிஎச்ஐ மருந்தை இரண்டு முறைக்குமேல் தெளிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும், கலவையாகவே தெளிக்க வேண்டும் என்ற வழிகாட்டுதலும் இதனால் வந்தவை.

மருந்துக்கு முன்னால்

மிகச் சிறந்த தேர்வு மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்பே நடக்கிறது. ஏஎச்டிபியின் பரிந்துரைப் பட்டியல் ஒவ்வொரு ரகத்துக்கும் நோய்வாரியாக 1 முதல் 9 வரை மதிப்பெண் தருகிறது. செப்டோரியாவைத் தாங்கும் ரகத்தை விதைத்து, விதைப்பைச் சில வாரங்கள் தள்ளிப் போட்டால், நோயின் சுமை குறைந்து மருந்தின் தேவையும் குறையும். ரகத்தின் எதிர்ப்பும் என்றென்றைக்கும் நிற்பதில்லை. பூஞ்சாணம் அதையும் கடக்கக் கற்கும். ஆனால் ரகமும் மருந்தும் சேர்ந்து நின்றால் இரண்டின் ஆயுளும் நீளும்.

இந்தக் கவலை வயலோடு முடிவதில்லை. மனித நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சாணத்துக்கு மருத்துவர்கள் தருவதும் அசோல் குடும்ப மருந்தே. அசோல் மாத்திரையை ஒருமுறைகூட உட்கொள்ளாத நோயாளிகளிடம் அசோலுக்குப் பணியாத ஆஸ்பர்ஜில்லஸ் இருப்பதை நெதர்லாந்து மருத்துவமனைகள் கண்டன. வேளாண்மை உள்ளிட்ட வெளிப்பயன்பாட்டில் அசோல்கள் சலித்தெடுத்த பூஞ்சாணமே காற்றுவழி அவர்களை அடைந்திருக்க வேண்டும் என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன.

தமிழ்நாட்டில் குளிர்காலக் கோதுமை இல்லை. ஆனால் அதே மருந்துகள் இருக்கின்றன. நெல்லின் குலைநோய்க்கும் இலையுறைக் கருகலுக்கும் நம் கடைகளில் கிடைக்கும் அசாக்ஸிஸ்ட்ரோபினும் டெபுகோனசோலும் மேலே சொன்ன குடும்பங்களைச் சேர்ந்தவை. விதைநேர்த்திக்கு நாம் இன்றும் பயன்படுத்தும் கார்பென்டசிம், இங்கிலாந்தின் செப்டோரியாவிடம் 1980களின் நடுவிலேயே தோற்றுவிட்டது. ஆகவே மருந்து வாங்கும்போது வணிகப் பெயரோடு நிற்காதீர்கள். புட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரைப் படியுங்கள். சென்ற முறை அடித்ததும் இதுவும் ஒரே குடும்பமா என்று கேளுங்கள். ஒரே குடும்பம் என்றால் வேறு குடும்பத்தைக் கேட்டு வாங்குங்கள். புதிய மருந்துக் குடும்பங்கள் பத்தாண்டுகளுக்கு ஒன்றிரண்டுதான் வருகின்றன. கையில் இருப்பவற்றின் ஆயுளை நீட்டுவது, அவற்றைத் தெளிக்கும் ஒவ்வொருவரின் பொறுப்பு.